குணங்குடியார் இறைவனை அழைத்த பெயர்கள்

இறைவனுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது? அவனே அறிவித்த பெயர்களால் மட்டுமே அவனை அழைக்க வேண்டுமா, அழைப்பவனின் தாய்மொழிக்கும் அதில் உரிமை உண்டா? சமய அறிஞர்களுக்கு மட்டுமே உரிய நுட்பமான வினா இது என்று தோன்றலாம். ஆனால், மலேசியாவில் இந்த வினா நீதிமன்றம் வரை சென்றது. ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் ஆகிய மொழிகளில் வெளிவந்த கத்தோலிக்க வார ஏடு ஒன்று, தன் மலாய்ப் பகுதியில் இறைவனை 'அல்லாஹ்' என்று குறிப்பிடலாம் என 2009-ஆம் ஆண்டின் இறுதி நாளில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாள்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பாகிஸ்தானிலோ விடைபெறும்போது 'குதா ஹாபிஸ்' என்பதா, 'அல்லாஹ் ஹாபிஸ்' என்பதா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 'குதா' பாரசீகச் சொல் என்பதே அங்கு சிலருக்கு உறுத்தல். ஆக, இறைவனின் பெயர் என்பது மக்கள் கூடிவாழும் முறையோடும் தொடர்புடைய செய்தி.

இந்த வினாவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தம் வாழ்க்கையாலும் பாடல்களாலும் விடை தந்தவர் ஒருவர் நம் பகுதியில் இருந்தார். அவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. புதுக்கோட்டையில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், சமய நூல்களைப் பொறுத்தவரை ஒரு வாசகன் மட்டுமே. ஆயினும், மஸ்தான் சாகிபை இருவேறு தரப்பினர் இருவேறு விதமாகப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது, அவருடைய வாழ்க்கையை அவர் கற்ற கல்வியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு தரப்பினர் அவருடைய தமிழ்ச் சொற்களில் சமயக் கலப்பைக் கண்டு அவரை ஒதுக்குகின்றனர். மற்றொரு தரப்பினர் எல்லாச் சமயமும் ஒன்றே என்பதற்குச் சான்றாக அவரை நிறுத்துகின்றனர். இரண்டுமே அவருக்கு நியாயம் செய்வன அல்ல என்பது என் கருத்து.

இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகே உள்ள சிற்றூர் குணங்குடி. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைக்குத் தெற்கே அடுத்திருக்கும் நிலப்பகுதி அது. அவ்வூரில் 1792-ஆம் ஆண்டு நயினா முகம்மதுவுக்கும் பாத்திமாவுக்கும் மகனாகப் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். அவருக்கு ஒன்பது வயதாகும்போது, 1801-இல், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். 1803-இல் இராமநாதபுரம் சீமை கும்பினியின் நிரந்தர ஜமீன் ஏற்பாட்டுக்குள் வந்தது. நிலமும் அதிகாரமும் கைமாறிய காலத்தில் வளர்ந்த சிறுவன் அவர்.

அவருடைய பெயரிலேயே நம் வினா அடங்கியிருக்கிறது. 'அப்துல் காதிர்' என்றால் பேராற்றல் உடையோனின் அடிமை என்று பொருள். 'காதிர்' என்பது இஸ்லாமிய மரபு போற்றும் இறைத் திருநாமங்களுள் ஒன்று. முஸ்லிம்களின் பெயர்கள் பல இவ்வாறே அமைந்தவை. அப்துர் ரகுமான் அருளாளனின் அடிமை. அப்துல் கரீம் கொடையாளனின் அடிமை. இறைவனின் பண்பொன்றைச் சுட்டி, அப்பண்புக்கு ஆட்பட்டவனாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதே அப்பெயர்களின் உட்பொருள்.

இளமையில் அவர் கீழக்கரைக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டார். அங்குத் தைக்கா சாகிபு என்று மக்களால் அழைக்கப்பட்ட ஷைகு அப்துல் காதிர் லெப்பை ஆலிமிடம் பயின்றார். பின்னாளில் 'புலவர் நாயகம்' என்று புகழ்பெற்ற சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவருடைய பள்ளித் தோழர். அரபியும் மார்க்கச் சட்டமும் இறைக்கோட்பாடும் கற்பித்த இடம் கீழக்கரை. மஸ்தான் சாகிபு கல்வியறியாப் பரதேசி அல்லர். முறையாகப் பயின்ற மாணவர். இதை மறந்துவிட்டு அவருடைய பாடல்களைப் படிப்பதால்தான் குழப்பம் நேர்கிறது.

அந்தக் கல்வி இறைவனின் பெயர்களைப் பற்றி என்ன சொல்லிற்று என்பதைச் சற்று விரித்துக் காண வேண்டும். அழகிய திருநாமங்கள் இறைவனுக்கே உரியவை, அவற்றைக் கொண்டே அவனை அழையுங்கள் என்பது குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் தரும் கட்டளை. அத்திருநாமங்கள் தொண்ணூற்றொன்பது என்பது நபிமொழி. ஆனால் அவை எவையெவை என்ற பட்டியல், ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த திர்மிதி போன்றோரின் தொகுப்புகளில்தான் விரிவாகக் கிடைக்கிறது. பட்டியல்களும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன. எனவே, எண்ணிக்கை எல்லை கட்டுவதற்காகச் சொல்லப்பட்டதன்று என்று பல அறிஞர்கள் விளக்கினர்.

'ரகுமான்' என்ற பெயரின் வரலாறு இன்னும் சுவையானது. இஸ்லாம் தோன்றுவதற்குமுன்பே, நான்காம் நூற்றாண்டு முதலாக, தென் அரேபியாவின் யேமன் பகுதிக் கல்வெட்டுகளில் ஒரே இறைவனைக் குறிக்க 'ரஹ்மானான்' என்ற சொல் வழங்கியிருக்கிறது. மக்காவாசிகளுக்கோ அது பழக்கமில்லாத பெயர். 628-இல் ஹுதைபியா உடன்படிக்கையை எழுதத் தொடங்கியபோது, மக்காவின் தூதர் அப்பெயரை ஏற்க மறுத்து, தமக்குப் பழகிய தொடரையே எழுதச் செய்தார் என்பது வரலாற்று மரபு. அல்லாஹ் என்று அழையுங்கள், ரகுமான் என்று அழையுங்கள், எப்படி அழைத்தாலும் அழகிய பெயர்கள் அவனுக்கே என்று குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் அறிவிக்கிறது. இன்று ஒவ்வொரு முஸ்லிமும் நாள்தோறும் உச்சரிக்கும் திருநாமம், ஒரு காலத்தில் சிலர் காதுக்கு அயலாக ஒலித்திருக்கிறது.

அடுத்து எழுந்தது பண்புகளைப் பற்றிய வினா. இறைவன் அறிவுடையவன் என்றால், அவ்வறிவு அவனிலிருந்து வேறான ஒன்றா? எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் தோன்றிய முஃதஸிலாக்கள், இறைவனோடு அநாதியாகப் பண்புகளும் தனித்து உள்ளன என்றால் அநாதிப் பொருள்கள் பலவாகிவிடும், ஒருமை குலையும் என்று அஞ்சினர். அப்பள்ளியிலேயே பயின்று, பின்னர் அதிலிருந்து விலகிய அபுல் ஹசன் அஷ்அரி, பண்புகள் உண்மையானவை. அவை இறைவனே என்றும் சொல்ல முடியாது, இறைவனுக்கு வேறானவை என்றும் சொல்ல முடியாது என்று விடை கூறினார். அறிவு, ஆற்றல், விருப்பம், உயிர், கேள்வி, பார்வை, பேச்சு என்ற ஏழு பண்புகளை இம்மரபு சிறப்பாக எண்ணும். தமிழகக் கடற்கரை மதரசாக்களில் நிலைபெற்ற கோட்பாடு அஷ்அரியின் வழியே.

அஷ்அரியைப் பற்றிய செய்தி ஒன்று நம் வினாவுக்கு நேராகப் பொருந்துகிறது. இறைவனைப் புத்திமான் என்னும் பொருளில் 'ஆகில்' என்று அழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆசிரியர் ஜுப்பாயீ கூடாது என்றார். அச்சொல் ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றின் பெயரோடு வேர்த்தொடர்புடையது. கட்டுப்படுத்தப்படுதல் இறைவனுக்குப் பொருந்தாது என்பது அவருடைய காரணம். மாணவரான அஷ்அரி மறுத்தார். அப்படியானால், ஞானமுடையோன் எனப் பொருள்படும் 'ஹகீம்' என்ற பெயரும் கூடாதல்லவா? அது குதிரையின் கடிவாள இரும்போடு தொடர்புடைய சொல்லாயிற்றே என்று கேட்டார். சொல்லின் வேரை ஆராய்ந்து பெயரை முடிவுசெய்ய இயலாது, வேதமும் நபிமொழியும் வழங்கிய பெயரே பெயர் என்பது அவர் நிலை.

பின்வந்த பாகில்லானி சற்றே நெகிழ்ந்தார். பொருள் உண்மையாக இருந்து, மார்க்கம் தடுக்காதவரை அழைக்கலாம் என்றார். இவ்விரண்டுக்கும் இடையே நயமானதொரு வேறுபாட்டைக் கண்டவர் 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. பெயர் வேறு, வருணனை வேறு என்றார் அவர். ஒருவருக்குப் பெயர் சூட்டும் உரிமை அவருக்கோ, அவர்மீது உரிமையுடையவர்க்கோ மட்டுமே உண்டு. ஆனால், உள்ள பண்பைச் சொல்லி ஒருவரை வருணிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வருணனை உண்மையாகவும் குறைவு தொனிக்காததாகவும் இருந்தால் போதும். இந்த வேறுபாடுதான் குணங்குடியாரின் பாடல்களைத் திறக்கும் திறவுகோல் என்று கருதுகிறேன்.

கல்வி முடித்துத் திரும்பியவருக்குத் தாய்மாமன் மகளை மணமுடிக்கக் குடும்பத்தார் விரும்பினர். அவர் உடன்படவில்லை. பதினேழு வயதளவில் வீட்டைத் துறந்து வெளியேறினார். 1813-இல் திருச்சிராப்பள்ளியில் மௌலவி ஷாம் சாகிபு என்பவரிடம் காதிரிய்யா நெறியில் தீட்சை பெற்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியைத் தலைவராகக் கொண்ட நெறி அது. அந்நெறியினருக்குத் திருநாமங்கள் விவாதப் பொருள் அல்ல, மூச்சோடு கலக்க வேண்டிய ஓதுபொருள். ஒரு திருநாமத்தைத் திரும்பத் திரும்ப ஓதி, அதன் பண்பு தன் உள்ளத்தில் படியும்வரை காத்திருப்பது அவர்களின் பயிற்சி.

திருச்சிராப்பள்ளி மற்றொரு வகையிலும் பொருத்தமான ஊர். அதற்கு முந்தைய நூற்றாண்டில் தாயுமானவர் வாழ்ந்து பாடிய ஊர் அது. தாயுமானவரின் பராபரக்கண்ணி தமிழர் நாவில் அப்போது நன்கு பரவியிருந்தது. அதே பெயரில், அதே யாப்பில், மஸ்தான் சாகிபும் ஒரு பராபரக்கண்ணி பாடினார்.

தீட்சைக்குப்பின் அவர் திருப்பரங்குன்றத்து மலைமேல் நாற்பது நாள் தனித்திருந்து 'கல்வத்து' என்னும் தவம் மேற்கொண்டார். அண்மைக் காலத்தில் வழக்கு, போராட்டம் என்று செய்திகளில் அடிபடும் அதே குன்றம்தான். ஒருவர் பசித்தும் விழித்தும் இறைவனை நினைத்திருந்த இடம் என்ற வகையில் அதை இன்று நினைப்பவர் எத்தனை பேர்? பின்னர் அவர் அறந்தாங்கிக்கு அருகே உள்ள கலகம் என்னும் ஊருக்கு வந்து ஆறு திங்கள் தங்கித் தவமிருந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அப்போது தஞ்சைச் சீமையைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதி, 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது நம்மோடு இணைந்தது.

அறந்தாங்கிக்கு அண்மையில்தான் ஆவுடையார்கோயில் இருக்கிறது. மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை அது. அங்குக் கருவறையில் பீடம் மட்டுமே உண்டு. இலிங்கத் திருமேனி இல்லை. கொடிமரமும் நந்தியும் இல்லை. பெயரும் வடிவமும் இல்லாத ஒருவனை ஆயிரம் பெயர் சொல்லிப் பாடுவதன் வியப்பை மாணிக்கவாசகர் திருவாசகத்தில் வெளிப்படுத்தியிருக்கிறார். மஸ்தான் சாகிபு அக்கோயிலைக் கண்டார் என்று சொல்ல நான் முற்படவில்லை. அவர் தவமிருந்த இந்த மண்ணில், சொல்லுக்கு அடங்காததைச் சொல்லால் அழைப்பது பற்றிய சிந்தனை பல நூற்றாண்டுகளாக ஊறியிருந்தது என்பதை மட்டும் சுட்டுகிறேன். திருக்குறளின் முதல் அதிகாரமே இறைவனை எண்குணத்தான் என்கிறது. அந்த எட்டையும் பரிமேலழகர் தம் உரையில் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் முற்றும் உணர்தலும் முடிவிலா ஆற்றலும், அஷ்அரி மரபின் ஏழனுள் வரும் அறிவையும் ஆற்றலையும் நினைவூட்டுவன. கீழக்கரையில் அரபியில் கற்ற மாணவருக்கு, அதைச் சொல்லத் தமிழில் சொற்கள் ஆயத்தமாக இருந்தன.

தம் ஊர்ப் பெயரையும் அவர் விடவில்லை. இறைப்பண்பைக் குறிக்கும் 'சிஃபத்து' என்ற அரபிச் சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் 'குணம்'. குணங்கள் குடியிருக்கும் இடம் என்று விரியும் தம் ஊர்ப் பெயரை, முகியித்தீன் சதகத்தில் தம் ஞானகுரு வாழும் இடமாகவே ஆக்கிப் பாடினார். வரைபடத்தில் சிற்றூராக இருந்தது, பாட்டில் ஞானத்தின் உறைவிடமாயிற்று.

இரகுமான் கண்ணி, பராபரக்கண்ணி, மனோன்மணிக் கண்ணி, நிராமயக் கண்ணி என்று அவர் பாடல்களின் தலைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. முதலாவது வேதம் அறிவித்த திருநாமம். ஏனைய மூன்றும் தமிழ் மண்ணில் வழங்கிய சொற்கள். மேலான பொருள்களுக்கெல்லாம் மேலானது பராபரம். நோயும் குறையும் இல்லாதது நிராமயம். இவை உண்மையான வருணனைகள். குறைவு எதையும் தொனிப்பவை அல்ல. கஸ்ஸாலியின் அளவுகோலில் இவை தேறும் என்றே நினைக்கிறேன். மனோன்மணி சற்றுக் கடினமான இடம். சைவத்தில் அது சக்தியின் பெயர், யோகநூல்களில் மனம் கடந்த நிலையின் பெயர். அரபிய, பாரசீக சூஃபிகள் லைலாவைத் தேடும் மஜ்னூனாக நின்று இறைவனைப் பாடியதைப்போல, தமிழ்க் காதல் மரபில் நின்று அவர் மனோன்மணியைத் தேடினார். தேடப்படும் நாயகிக்கு அது பெயரே ஒழிய, இறைவனுக்குச் சூட்டிய பெயர் அன்று.

தொழுகையில் அவர் ஓதிய மொழி அரபி. அகத்தீசர் சதகம் பாடிய புலவரும் நபிகள் நாயகத்தைப் போற்றியவரும் முகியித்தீனைக் குருவாக வணங்கியவரும் ஒருவரே. பெயரில் கண்டிப்பு, வருணனையில் தாராளம் என்று அவருடைய வழியைச் சுருக்கிச் சொல்லலாம். பேச்சு வழக்கிலும் தமிழ் முஸ்லிம்கள் இதையே செய்து வந்திருக்கின்றனர். ஆண்டவன், நாயன், இறைவன் என்று அவர்கள் வழங்கும் சொற்கள், தொழுகையின் மொழியைச் சிறிதும் குறைக்கவில்லை. தொழுகையின் மொழியும் அச்சொற்களைத் துரத்தவில்லை.

இறுதிக் காலத்தில் அவர் சென்னைக்குச் சென்று, இராயபுரத்தில் முள்ளும் மூங்கிலும் மண்டிய ஒரு தோட்டத்தில் தங்கினார். உடையிலும் உணவிலும் கருத்தற்று, இறைநினைவில் மயங்கித் திரிந்தவரை மக்கள் 'மஸ்தான்' என்றனர். போதையுற்றவர் என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. தொண்டியிலிருந்து வந்தமையால் 'தொண்டியார்' என்றும் அழைத்தனர். தண்டையார்பேட்டை என்ற பெயர் அவரால் வந்தது என்பது வழிவழிச் செய்தி. பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, பிறர் கண்ட பண்பே அவருக்குப் பெயராக நிலைத்தது. பெயருக்கும் பண்புக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மரபில் வந்தவருக்கு இது பொருத்தமான முடிவுதான்.

அவரைச் சூழ்ந்தவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அக்காலத்தின் தலைசிறந்த தமிழறிஞர்களுள் ஒருவர். அவர் மஸ்தான் சாகிபின்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் அந்தாதி பாடினார். 1838-இல், ஐம்பது வயது நிறையுமுன்பே குணங்குடியார் மறைந்தார். இராயபுரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய பாடல்களைத் திரட்டிக் காத்தவர் கீழக்கரைப் பள்ளித் தோழர் புலவர் நாயகம். அவற்றைப் பதிப்பித்தவர் சீயமங்கலம் அருணாசல முதலியார். ஓர் ஆலிம் தொகுக்க, ஒரு முதலியார் அச்சேற்ற, ஓர் ஐயர் புகழ்மாலை சூட்ட நமக்கு வந்து சேர்ந்தவை அந்தப் பாடல்கள்.

இதைக் கொண்டு எல்லாச் சமயமும் ஒன்றே என்று அவர் முடிவுகட்டினார் எனச் சொல்வது எளிது. ஆனால் அது அவர் கற்ற கல்வியையும் ஏற்ற நெறியையும் அழித்துவிட்டு அவரைப் புகழ்வதாகும். சரவணப்பெருமாளையர் ஒரு முஸ்லிம் ஞானியைத்தான் பாடினார். தம்முடைய சமயத்தை அவரும் விடவில்லை, குணங்குடியாரையும் விடச் சொல்லவில்லை. மறுபுறம், தமிழ்ச் சொல்லைக் கண்டதும் கலப்படம் என்று விலக்குவோர், தங்கள் மரபின் பேரறிஞர்களே ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் பொறுமையோடு ஆராய்ந்து வகுத்த நுட்பத்தைக் கைவிடுகின்றனர்.

என் துறையிலிருந்து ஓர் ஒப்புமை சொல்லலாம். வறுமையை அளக்க 2009-இல் டெண்டுல்கர் குழுவும் 2014-இல் ரங்கராஜன் குழுவும் வெவ்வேறு கோடுகளை வகுத்தன. கோடு மாறியபோது ஏழைகள் எனப்பட்டோரின் எண்ணிக்கை மாறிற்று. எந்த ஏழையின் பசியும் மாறவில்லை. நாம் சூட்டும் சொல், பொருளை மாற்றுவதில்லை. ஆனால், அச்சொல்லை வைத்து நாம் மனிதர்களை எப்படி நடத்துகிறோம் என்பது நிச்சயமாக மாறுகிறது. ரேஷன் அரிசி யாருக்கு என்பதைச் சொல் முடிவுசெய்கிறது. இறைவன் பெயரிலும் அப்படியே. எந்தச் சொல்லால் அழைத்தாலும் அவனுக்குக் குறைவுமில்லை, நிறைவுமில்லை. அண்டை வீட்டாரை அணைப்பதும் விலக்குவதும் நாம் அச்சொல்லைப் பற்றும் விதத்தைப் பொறுத்தது.

அறந்தாங்கி வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பாடநூலில் குணங்குடியாரின் பாடலை மனப்பாடம் செய்கின்றனர். அவர் தங்கள் ஊருக்கு அருகே ஆறு திங்கள் தவமிருந்தார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர்கள் வேண்டும். கலகம் என்ற ஊரிலிருந்து கூடிவாழும் வழியைக் கற்றுக்கொள்ள அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.